மழலையர் பள்ளிக்கு வந்த கண் பரிசோதனைக் குழு: ஒரு பள்ளிப் பொறுப்பாளரின் மதிப்பீடு

பெங்களூருவில் மழலையர் பள்ளிக்கே நேரில் வந்து பிள்ளைகளின் பார்வையைச் சோதித்துக் கொடுக்கும் சேவைகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. கண் மருத்துவமனைகளின் முகாம் பிரிவுகள், பல்லையும் காதையும் கண்ணையும் ஒரே காலையில் பார்த்து முடித்துவிடும் பள்ளி நலச் சேவை நிறுவனங்கள், கண்ணாடிக் கடைகள் நடத்தும் இலவச முகாம்கள் என அவை பலவகைப்படும். அல்சூர் ஏரிக்குச் சற்றுத் தள்ளி, தமிழ்க் குடும்பங்கள் அடர்ந்து வாழும் தெருக்களுக்கு நடுவே இயங்கும் எங்கள் மழலையர் பள்ளிக்குச் சென்ற கல்வியாண்டில் முதல் வகையைச் சேர்ந்த ஒரு குழுவை அழைத்திருந்தோம். பிரி-கேஜி முதல் யு.கே.ஜி. வரை அறுபது சொச்சம் பிள்ளைகளை அவர்கள் சோதித்தார்கள். அந்தச் சேவை எப்படி இருந்தது என்று பக்கத்துப் பள்ளிகளின் பொறுப்பாளர்கள் பலரும் கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன். குழுவின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை, இதே முறையில் வேலை செய்யும் எவரை அழைத்தாலும் எதிர்ப்படக்கூடியவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனை நடந்த காலைப்பொழுதுக்கு நான் தாராளமாக மதிப்பெண் தருவேன். அதற்குப் பின் வந்த வாரங்களுக்கு அதில் பாதியும் தர மாட்டேன். இத்தகைய சேவையின் தரத்தை, ‘மருத்துவரிடம் காட்டவும்’ என்று சீட்டு பெற்ற குழந்தை உண்மையிலேயே ஒரு கண் மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்ததா என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொண்டுவரும் கேமரா எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், அந்தச் சீட்டு பள்ளிப் பைக்குள்ளேயே கசங்கிப் போனால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை.

மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இதை ஏன் செய்ய வேண்டும் என்பதைச் சற்று விளக்காமல் மதிப்பீடு செய்வது முறையாகாது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருக்கும் குழந்தை எந்தப் புகாரும் சொல்வதில்லை. நல்ல கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ஓடி ஆடி, வண்ணம் தீட்டி, டிவி பார்த்து மற்ற பிள்ளைகளைப் போலவே அது வளர்கிறது. தெளிவில்லாத படத்தையே அனுப்பிக்கொண்டிருக்கும் மற்றொரு கண்ணை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடுகிறது. இதைத்தான் சோம்பல் கண், லேசி ஐ என்றெல்லாம் சொல்கிறார்கள். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறந்து சில வாரங்களே ஆன பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்துப் பார்த்த டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும், அந்தக் கண்ணுக்குரிய மூளைச் செல்கள் பிறகு கண்ணைத் திறந்துவிட்டாலும் பழையபடி இயங்குவதில்லை என்று காட்டினார்கள். பார்வையைப் பற்றிய அவர்களது ஆய்வுகளுக்கு 1981 இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கு அந்த வாசல் பல ஆண்டுகள் திறந்திருக்கிறது என்பது நல்ல செய்தி. ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகும் ஓரளவு பலன் உண்டு, ஆனால் வயது கூடக் கூட அது குறைந்துகொண்டே போகிறது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, 2017 இல் வெளியிட்ட பரிந்துரையில், மூன்று வயது முதல் ஐந்து வயதுக்குள் ஒரு முறையாவது ஒவ்வொரு குழந்தையின் பார்வையும் சோதிக்கப்பட வேண்டும் என்று சொன்னதற்கு இதுவே அடிப்படை. இஸ்ரேலில் ஹைஃபா நகரில் மழலைப் பருவத்திலேயே சோதிக்கப்பட்ட பிள்ளைகளையும், அத்தகைய சோதனை இல்லாத ஹதேரா நகரப் பிள்ளைகளையும் எட்டு வயதில் ஒப்பிட்டுப் பார்த்து 2000 இல் வெளியான ஆய்வு ஒன்று, சோம்பல் கண் முன்னவர்களிடம் 1 சதவீதமாகவும் பின்னவர்களிடம் 2.6 சதவீதமாகவும் இருந்ததாகக் கூறுகிறது. சோதனை செய்வதால் உண்மையிலேயே வித்தியாசம் ஏற்படுகிறதா என்று சந்தேகப்படும் நிர்வாகிகளிடம் நான் இந்த எண்களைத்தான் சொல்வது வழக்கம்.

நம் நாட்டில் இதற்கு அரசு ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். அவர்கள் பார்க்கும் குறைபாடுகளில் பார்வைக் குறைபாடும் ஒன்று. ஆனால் எங்களைப் போன்ற சிறிய தனியார் மழலையர் பள்ளி அந்தப் பட்டியலில் எங்குமே வருவதில்லை. வீட்டு வேலைக்குப் போகும் தாயும் ஆட்டோ ஓட்டும் தந்தையும் கடன் வாங்கியாவது பிள்ளையை ‘இங்கிலீஷ் ஸ்கூலில்’ சேர்த்துவிடுவதால், அந்தப் பிள்ளை அங்கன்வாடியின் வளையத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. பெரிய பள்ளியில் மருத்துவப் பரிசோதனை நடக்கும் வயது வரும்போது ஏழோ எட்டோ கடந்திருக்கும். அல்சூர், மர்ஃபி டவுன், ஜீவனஹள்ளி, லிங்கராஜபுரம் பகுதிகளில் இப்படி நடுவில் விழுந்துபோகும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பணம் கொடுத்து ஒரு குழுவை அழைப்பது என்று நாங்கள் முடிவெடுத்தது இந்த ஒரு காரணத்தால்தான்.

இனி, அந்தக் காலைப்பொழுது. பார்வையை அளந்து சோதிக்கப் பயிற்சி பெற்ற இரண்டு ஆப்டோமெட்ரிஸ்டுகள், ஒரு பயிற்சி மாணவி, பெயர் பதிவு செய்ய ஒருவர் என்று நால்வர் வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள் என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் பத்தரை மணிக்கு மேல் பசி வந்துவிட்ட மூன்று வயதுக் குழந்தையிடம் எந்தச் சோதனையும் எடுபடாது. முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கையடக்கக் கேமரா போன்ற ஒரு கருவியால் படம் எடுத்தார்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள இந்தக் கருவியை ஏறக்குறைய ஒரு மீட்டர் தொலைவில் பிடித்துக்கொண்டால், அதிலிருந்து பறவை கூவுவது போன்ற ஒலியும் சின்னச் சின்ன விளக்குகளும் வரும். குழந்தை அதைப் பார்க்கும் சில நொடிகளுக்குள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கண்பாவை வழியாக உள்ளே சென்று விழித்திரையில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து, இரண்டு கண்களிலும் உள்ள பவரையும் அவை ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்பதையும் கருவி மதிப்பிட்டுவிடுகிறது. பேசவே தொடங்காத குழந்தைக்கும் இதைச் செய்யலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். எங்கள் பள்ளியில் அறிமுகமில்லாத யாரிடமும் வாய் திறக்காத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் அந்தக் கூவலுக்குத் திரும்பிப் பார்த்தார்கள், வேலை முடிந்தது.

இங்கே ஒரு சிறு இடர்ப்பாடு ஏற்பட்டது. கருவிக்கு மங்கலான வெளிச்சம் வேண்டும். அப்போதுதான் கண்பாவை போதுமான அளவுக்கு விரியும். எங்கள் கூடத்திலோ கிழக்குப் பக்கம் முழுவதும் ஜன்னல்கள். முதல் சில பிள்ளைகளுக்குக் கருவி எந்த முடிவும் காட்டாமல் திரும்பத் திரும்ப முயன்றது. பிறகு எங்கள் ஆயா இரண்டு போர்வைகளைக் கொண்டுவந்து ஜன்னலில் கட்டிய பின்பே வேலை சீராக நடந்தது. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டிருந்தால் பள்ளியின் பின்புற அறையையே ஒதுக்கியிருக்கலாம். குழுவை அழைக்கும் பள்ளிகள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேமராவோடு நிறுத்திக்கொள்ளும் குழுக்கள் நகரில் இருக்கின்றன. ஒரு குழந்தைக்கு அரை நிமிடம் என்று ஒரு மணி நேரத்தில் பள்ளியையே முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் அழைத்த குழு அப்படிச் செய்யவில்லை என்பதே அவர்களிடம் எனக்குப் பிடித்த முதல் விஷயம். கருவி சொல்வது பவரைப் பற்றிய ஓர் ஊகமே. குழந்தைக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை அது சொல்வதில்லை. மேலும், இளங்குழந்தைகளின் கண் தன்னைத் தானே குவித்துக்கொள்ளும் ஆற்றல் மிகுந்தது என்பதால், ஒரு மீட்டர் தொலைவில் உள்ள விளக்கைப் பார்க்கும்போது தூரப்பார்வைக் குறைபாட்டில் (கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கக் கண் சிரமப்படும் பிளஸ் பவர் வகை) ஒரு பகுதி மறைந்துகொள்ளும். ஆகவே நான்கு வயதைத் தொட்ட பிள்ளைகள் அனைவரையும், மூன்று வயதுக்காரர்களில் ஒத்துழைத்தவர்களையும் அட்டையின் முன்னால் உட்கார வைத்தார்கள்.

அந்த அட்டையைப் பற்றி நான் அதிகமாகவே எழுதத்தான் வேண்டும். எழுத்து தெரியாத குழந்தைகளுக்காக, ஃபின்லாந்து நாட்டுக் குழந்தைகள் கண் மருத்துவரான லியா ஹைவாரினென் 1976 இல் உருவாக்கிய படங்கள் அதில் இருக்கின்றன: ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம். நான்கே படங்கள். தெளிவு குறையக் குறைய நான்குமே ஒரே மாதிரி உருண்டையாகத் தெரியும்படி வரையப்பட்டிருப்பதால், குழந்தை ஊகித்துச் சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் அவற்றுக்கு வைத்த பெயர்கள் பல. ஒரு சிறுமி ஆப்பிளை ‘ஹார்ட்டு’ என்றாள். ஒருவன் சதுரத்தை ‘டிவி’ என்றும் வட்டத்தை ‘லட்டு’ என்றும் கடைசி வரை மாற்றாமல் சொன்னான். கன்னடம் பேசும் வீட்டுக் குழந்தை வீட்டை ‘மனெ’ என்றது. அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவரையும் திருத்தவில்லை. முதலில் பக்கத்தில் வைத்துக் காட்டி, அந்தக் குழந்தை எந்தப் படத்துக்கு என்ன பெயர் சொல்கிறது என்று குறித்துக்கொண்டு, அதே பெயரிலேயே கேட்டார். பேச மறுத்த பிள்ளைகளின் மடியில் நான்கு படங்களும் உள்ள சிறு அட்டையை வைத்து, எதிரே தெரிவதை இதில் தொட்டுக் காட்டச் சொன்னார். தரையில் மூன்று மீட்டரை நாடாவால் அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, நாற்காலியின் பின்கால்களை அதில் நிறுத்தினார். பிள்ளை முன்னால் சாய்ந்தபோதெல்லாம் ஒருவர் தோளைத் தொட்டுப் பின்னால் உட்கார வைத்தார். இவ்வளவு பொறுமையைப் பெரிய மருத்துவமனைகளின் கூட்டத்துக்கு நடுவே எதிர்பார்க்க முடியாது.

ஒரு கண்ணை மறைக்கும் முறையில்தான் எனக்குக் குறை தோன்றியது. மூத்தவர் இருவரும் அகலமான மைக்ரோபோர் டேப்பை ஒட்டி மறைத்தார்கள். பயிற்சி மாணவியோ குழந்தையின் உள்ளங்கையாலேயே மூடச் சொன்னார். நான்கு வயதுக் குழந்தை தன் விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்க்காமல் இருக்காது. அதுவும் மங்கலான கண்ணைச் சோதிக்கும்போது நல்ல கண்ணால் பார்க்கத்தான் அதன் உடம்பே துடிக்கும். இந்தச் சோதனையின் முழு நோக்கமும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் என்பதால், இது சிறிய பிழை ஆகாது. நான் சுட்டிக்காட்டியதும் மூத்தவர் அந்தப் பிள்ளைகளை மீண்டும் அழைத்துச் சோதித்தார். அவர் முகம் சுளிக்காமல் அதைச் செய்தது எனக்கு மகிழ்ச்சி அளித்தது.

மூன்று வயதில் 6/15 (இயல்பான பார்வை உள்ளவர் 15 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்து படிப்பது), நான்கு வயதில் 6/12, ஐந்து வயதில் ஏறக்குறைய 6/9 வரிசையைப் படிக்க முடியாவிட்டாலோ, இரண்டு கண்களுக்கும் இடையே இரண்டு வரிசை வித்தியாசம் இருந்தாலோ மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் அளவுகோல். இந்தக் குழுவும் ஏறத்தாழ அதையே பின்பற்றியது. இரண்டாவது விதியைப் பல முகாம்களில் பார்ப்பதே இல்லை. இரண்டு கண்ணும் ‘பாஸ்’ ஆகிவிட்டாலும், வலது கண் மூன்று வரிசை கூடுதலாகப் படிக்கிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, போர்வை கட்டிய அந்த மங்கலான மூலையில் சிறு விளக்கொளியால் ஒவ்வொரு கண்பாவையையும் பார்த்தார்கள். ஒளி உள்ளே போய்ச் செந்நிறமாகத் திரும்பி வர வேண்டும். வெண்மையாகத் தெரிந்தால் பிறவிக் கண்புரையாகவோ, அரிதாக ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் கண் புற்றுநோயாகவோ இருக்கலாம். அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே கண்டறியப்படுகிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த குடும்பப் புகைப்படத்தில் ஒரு கண்ணில் மட்டும் வெள்ளைப் பொட்டுத் தெரிந்ததை வைத்துப் பெற்றோரே கண்டுபிடித்த குழந்தைகள் உண்டு. எங்கள் பள்ளியில் அப்படி எவருக்கும் இல்லை. இந்தச் சோதனைக்கு ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதைச் செய்யாத குழுவை நான் ஒருபோதும் அழைக்க மாட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பையன் நழுவிப் போனான். கேமராவும் அட்டையும் விளக்கும் அவனுக்கு ‘சரி’ என்றே சொல்லின. சில வாரங்கள் கழித்து எங்கள் ஆயா, “வெயில்ல விளையாடறப்ப இவன் மட்டும் எப்பவும் ஒரு கண்ண மூடிக்கிறான், பாருங்க மிஸ்” என்று சொன்னார். பார்த்தோம், உண்மைதான். களைப்பாக இருக்கும்போதும் தொலைவில் எதையாவது வெறித்துப் பார்க்கும்போதும் மட்டும் கண் வெளிப்பக்கமாக விலகிச் செல்லும் மாறுகண் அது. அவ்வப்போது மட்டுமே விலகும் என்பதால், சில நொடிகள் மட்டும் பார்க்கும் கருவிக்கு அது அகப்படாமல் போக வாய்ப்புண்டு. வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்வது அதன் தெரிந்த அடையாளம். கண்ணை மாற்றி மாற்றி மறைத்துப் பார்க்கும் சோதனையைத் தூரத்துப் பொருளைக் காட்டி நிதானமாகச் செய்திருந்தால் அகப்பட்டிருக்கலாம். இந்தக் குழு அதைக் கைக்கெட்டும் தூரத்தில் பொம்மையைக் காட்டி மட்டுமே செய்தது. வந்துபோகும் குழுவைக் காட்டிலும் நாள் முழுதும் பிள்ளைகளோடு இருக்கும் ஆயாக்களும் ஆசிரியைகளும் அதிகம் பார்க்கிறார்கள். அவர்களிடம் பத்து நிமிடம் பேசி, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அது எவ்வளவோ பயன்பட்டிருக்கும். குழு அதைச் செய்யவில்லை. கருவிகளுக்கு இத்தனை செலவு செய்பவர்கள் இந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்காதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

இனிப் பின்னால் வந்த வாரங்கள். முடிவுகள் ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். மூன்று வாரம் கழித்து, பல முறை நினைவூட்டிய பிறகு, எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அடங்கிய ஒரே கோப்பாக வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு குழந்தையின் விவரத்தை இன்னொரு பெற்றோர் பார்க்கும்படி அதை அப்படியே அனுப்ப முடியாது என்பதால், எங்கள் அலுவலகப் பெண் ஒவ்வொன்றாகப் பிரித்து அச்செடுத்தார். சீட்டு முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கூட்டல் கழித்தல் குறியோடு எண்கள், ஓரத்தில் ‘ரெஃபர்’ என்று ஒரு சொல். தமிழும் கன்னடமும் உருதும் பேசும் வீடுகளுக்கு இந்தத் தாளால் என்ன செய்தி போய்ச் சேரும்? படித்த பெற்றோரே அந்த எண்ணைத்தான் கண்ணாடிப் பவர் என்று எண்ணிக்கொண்டு நேரே கடைக்குப் போகப் பார்த்தார்கள். போதாக்குறைக்கு, அதே மருத்துவமனையின் கண்ணாடிக் கடைக்கான தள்ளுபடிக் கூப்பன் ஒன்றும் சீட்டின் அடியில் அச்சாகியிருந்தது. சோதனைச் சீட்டையும் விற்பனைக் கூப்பனையும் ஒரே தாளில் வைப்பது முறையல்ல. குழந்தைக்கு உண்மையாகவே கண்ணாடி வேண்டுமா, வியாபாரத்துக்காகச் சொல்கிறார்களா என்ற ஐயம் வந்துவிட்டால், வர வேண்டியவர்களும் வராமல் போவார்கள்.

அப்படித்தான் நடக்கவிருந்தது. இடது கண்ணில் மட்டும் மிகுந்த தூரப்பார்வைக் குறைபாடு இருப்பதாகச் சீட்டு பெற்ற ஒரு எல்.கே.ஜி. சிறுமியின் பாட்டி என்னிடம் வந்து, “ஏன் மிஸ், இவ நல்லாத்தானே டிவி பாக்கறா? பொம்பளப் புள்ளைக்கு இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு என்ன சொல்வாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பேத்தியின் வாழ்க்கையை நினைத்துத்தான் அந்த அம்மா கேட்கிறார். சிறுமியின் வலது கண்ணை டேப்பால் ஒட்டிவிட்டு, “பாட்டி கையில என்ன இருக்குன்னு சொல்லு கண்ணு” என்று கேட்டேன். பாட்டி மாத்திரை அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். குழந்தை சற்றுத் தயங்கி, கையை நீட்டித் தடவிப் பார்த்து, “பிஸ்கட்டா?” என்றது. பாட்டி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். சீட்டோடு குழுவைச் சேர்ந்த ஒருவர் பெற்றோரைச் சந்தித்துப் பேசியிருந்தால், செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்.

செலவைக் கருதி அந்தக் குடும்பத்தை நூற்றாண்டு கடந்த அரசு மின்டோ கண் மருத்துவமனைக்கு அனுப்பினோம்; அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் நடந்து போய்விடலாம். காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். சிறு குழந்தைகளுக்குக் கண் குவியும் ஆற்றலை மருந்தால் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் உண்மையான பவரைக் கண்டுபிடிக்க முடியும். வீட்டிலேயே மூன்று நாள் போடும்படி அட்ரோபின் களிம்பு கொடுத்தார்கள். முகம் சிவந்து காய்ச்சல் போல உடம்பு சுட்டால் நிறுத்திவிட்டுத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். இந்தக் களிம்பு போட்ட குழந்தைக்கு ஒரு வாரத்துக்கும் மேலாகக் கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் கூசும். அந்த நாட்களில் வண்ணம் தீட்டச் சொல்லி வற்புறுத்தாமல், வெயிலில் தொப்பி போட்டு விளையாட விடுவது ஆசிரியையின் வேலை. சீட்டு பெற்ற மற்றொரு சிறுவனுக்கு மருந்து போட்டுப் பார்த்தபின் கண்ணாடி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய தந்தை வீண் அலைச்சல் என்று வருத்தப்பட்டார். முன்சோதனை என்றால் சிலரை இப்படித் தேவையின்றியும் அனுப்பத்தான் செய்யும், ஒரு குழந்தையும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த அலைச்சலை நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்று அவரிடம் விளக்கினேன். இந்த விளக்கமும் சீட்டிலேயே இரண்டு வரியில் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சிறுமிக்கு முதலில் கண்ணாடி மட்டும்தான். சோம்பல் கண் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கண்ணாடி அணிவதாலேயே பார்வை சீராகிவிடும் என்பதால் சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். அவளுக்குப் பாதி முன்னேற்றம் தெரிந்தது. பிறகு நல்ல கண்ணை நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒட்டு போட்டு மறைக்கச் சொன்னார்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மிதமான சோம்பல் கண்ணுக்கு இரண்டு மணி நேர மறைப்பு ஆறு மணி நேர மறைப்புக்கு இணையான பலன் தருவதாக 2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிய பிறகு இந்த அளவு பரவலாக வழக்கத்துக்கு வந்தது. தாய் வேலைக்குப் போய்விடுவதால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டோம். ஒட்டைக் கண்ணாடியின் மேல் ஒட்டாமல், தோலின் மேல் ஒட்டி அதன்மேல் கண்ணாடி போட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தின் வழியாகப் பார்த்துவிடுவாள். வகுப்பில் இருந்த பெரிய கரடிப் பொம்மைக்கும் அவளுடைய ஆசிரியை ஓர் ஒட்டு போட்டுவிட்டார். முதல் வாரத்துக்குப் பிறகு வகுப்பில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது அவளுடைய இடது கண் 6/9 வரிசையைப் படிக்கிறது.

இந்தத் தொடர்ச்சியில் எந்தக் கட்டத்திலும் சோதனை செய்த குழு பங்கெடுக்கவில்லை. அனுப்பப்பட்ட பிள்ளைகள் போனார்களா, என்ன கண்டறியப்பட்டது என்று ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை. அதே காரணத்தால், தங்கள் சோதனை எவ்வளவு சரியாக இருந்தது, எங்கே தவறியது என்பதும் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. வெயிலில் கண் மூடிய அந்தப் பையனைப் பற்றி நானே எழுதித் தெரிவித்த பிறகுதான் அறிந்தார்கள்.

கட்டணம் ஒரு குழந்தைக்கு நூறு ரூபாய்க்கும் குறைவு. பாதியைப் பள்ளி ஏற்றுக்கொண்டது. நடந்த வேலைக்கு அது நிச்சயமாக நியாயமான தொகை. இலவசமாகச் செய்து தருகிறோம் என்று வந்த கண்ணாடிக் கடை முகாமைவிட இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்; அங்கே ஆறு மீட்டர் எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, எழுத்தே தெரியாத பிள்ளைகளைப் படிக்கச் சொன்னதாகப் பக்கத்துப் பள்ளியில் கூறினார்கள்.

அதே குழுவை இந்த ஆண்டும் அழைக்கிறோம், சில நிபந்தனைகளை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டு. சோதனையை ஜூலையிலேயே நடத்த வேண்டும். ஆண்டு முடிவில் நடத்தினால் யு.கே.ஜி. பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள், தொடர்ந்து கவனிக்க ஆள் இருக்காது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணை டேப்பால்தான் மறைக்க வேண்டும். மாறுகண் சோதனையைத் தூரத்துப் பொருளையும் காட்டிச் செய்ய வேண்டும். முடிவுகள் ஏழு நாளுக்குள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தாளில், தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும், கூப்பன் இல்லாமல் வர வேண்டும். சீட்டு பெற்ற ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு மாதம் கழித்து அழைத்து விசாரிக்க வேண்டும். ஆசிரியைகளோடும் ஆயாக்களோடும் பேச அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். கடைசி இரண்டைத் தவிர மற்றவற்றுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆசிரியைகளோடு பேசுவதற்கும் வாய்மொழியாகச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து அழைப்பதற்குத் தங்களிடம் ஆள் இல்லை என்கிறார்கள். அந்தப் பொறுப்பை இந்த ஆண்டு எங்கள் அலுவலகப் பெண் ஏற்றுக்கொண்டிருக்கிறார். யார் மருத்துவரிடம் போனார்கள், என்ன சொன்னார்கள் என்று குறித்துவைக்க ஒரு தனி நோட்டுப் போட்டிருக்கிறோம், அதன் நகல் குழுவுக்கும் போகும்.